சவலைக் குட்டியின் வாய்க்கு எட்டாத மருந்து

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் மாமாவின் கொட்டகையில் அந்த இருமல் தொடங்கியது. விடிவதற்கு முன் மாமா தகரக் கதவைத் திறந்ததும் படுத்துக் கிடந்த குட்டிகள் எழுந்து தொட்டியைப் பார்த்து ஓடிவரும். பாதி வழியில் ஒன்று நிற்கும். முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, ஏழெட்டு முறை வறட்டு இருமல் இருமும். அது முடிப்பதற்குள் இன்னொன்று தொடங்கும். ஒரு மாதத்தில் கொட்டகை முழுக்க அதே சத்தமாகிவிட்டது.

செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில் பிரிந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் என் தாய்மாமாவின் வெண்பன்றிப் பண்ணை வரும். தாய்ப் பன்றி ஆறு, ஆண் பன்றி ஒன்று, குட்டியும் வளர்ந்ததுமாக எப்போதும் அறுபது எழுபது உருப்படி இருக்கும். நான் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பன்றியின் நுரையீரல் நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்தை எப்படிச் சேதமில்லாமல் குடல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் எங்கள் குழு பார்க்கிற வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடமும் மாமாவின் கொட்டகையில் இருமல் வந்த வருடமும் ஒன்றுதான். நான்கு வருடம் ஆகிறது. ஆய்வகத்தில் கற்றதைவிட அந்தத் தீவனத் தொட்டியோரம் நின்று கற்றது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. பன்றி வளர்ப்பவர்களுக்கும் இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த இருமலில் ஏமாற்றுகிற விஷயம், எதுவும் உடனே சாகாது என்பதுதான். குட்டி தீனி எடுக்கும், விளையாடும், ஆனால் உடம்பு வைக்காது. ஏழாவது மாதம் 90 கிலோ நிற்க வேண்டியவை மாமாவிடம் 70-ஐத் தாண்டவில்லை. தின்ற தீவனம் மட்டும் குறையவே இல்லை.

கார்த்திகையில் இரண்டு குட்டிகள் வயிற்றை எக்கி எக்கி மூச்சு வாங்கிச் செத்தன. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். நுரையீரலின் பின்பகுதி இளஞ்சிவப்பாகப் பஞ்சு மாதிரி இருந்தது. முன்பக்க மடல்கள் நாவல்பழ நிறத்தில் ஈரல்போல இறுகிக் கிடந்தன. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். நல்லது மிதந்தது, இறுகியது மூழ்கியது. மாமா அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டு நாளா இத வச்சுக்கிட்டா மூச்சு விட்டுச்சுக?"

முன்மடல்கள் இப்படி இறுகினால் பெரும்பாலும் அது மைக்கோபிளாஸ்மா ஹயோநிமோனியே என்ற கிருமியின் வேலை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் வரிசையாக இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவைதான். இந்தக் கிருமி அவற்றில் ஒட்டிக்கொண்டு அவற்றை உதிர்த்துவிடுகிறது. பெருக்க ஆளில்லாத வீட்டில் குப்பை சேர்வது மாதிரி, அதன் பிறகு பாஸ்சுரெல்லா மல்டோசிடா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே குடியேறுகின்றன. உயிரை எடுப்பது பெரும்பாலும் பின்னால் வருகிற இவைதான். நுரையீரலின் பின்பகுதியில் இரத்தம் கட்டி, விலாவோடு ஒட்டி, மூக்கில் இரத்த நுரையோடு சில மணி நேரத்தில் பன்றி செத்தால் அது ஆக்டினோபேசிலஸ் ப்ளூரோநிமோனியே என்கிற வேறு கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டுப்போன இடம் எது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். செத்ததைப் புதைக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

ஆனால் நீங்களாக அறுக்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப் பன்றிகளிலும் அது உறுதியானது. அந்த நோயில் செத்ததை அறுத்தால் சிந்துகிற இரத்தமே மொத்தக் கொட்டகையையும் முடித்துவிடும். திடீரென்று கூட்டமாகச் செத்தாலோ, காதும் வயிறும் நீலச் சிவப்பாக மாறினாலோ, கத்தியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, இருமலுக்கு வருகிறேன். மைக்கோபிளாஸ்மாவுக்கு ஊசி இருக்கிறது. பன்றி அதிகம் வளர்க்கும் நாடுகளில் பல வருடங்களாகப் போடுகிறார்கள். நுரையீரல் சேதத்தையும் எடை இழப்பையும் அது குறைக்கிறது. ஆனால் கிருமி வந்து ஒட்டுவதை அது முழுக்கத் தடுப்பதில்லை. தசையில் போடுகிற ஊசி முக்கியமாக இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கிருமியோ இரத்தத்துக்குள் வருவதில்லை, மூச்சுக்குழாயின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காவல் காக்க வேண்டியது சளியோடு சுரக்கிற ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள்.

ஊசி போடுகிற நாள் எப்படி இருக்கும் என்பதைக் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். 30 கிலோ குட்டியைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் அலறல் 100 டெசிபலைத் தாண்டும், காது அடைத்துப்போகும். ஒன்று கத்தினால் கொட்டகையே கலைந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். அன்று சாயங்காலம் பாதிக்குமேல் தீனி எடுக்காது. அவசரத்தில் ஒரே ஊசியை அடுத்தடுத்த பன்றிக்குக் குத்தினால் ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போகும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரையில் செக்கானூரணிப் பக்கம் கரண்ட் போனால் ஐஸ் பெட்டியை நம்பித்தான் எல்லாம்.

வாய்வழி மருந்து என்ற பேச்சை எங்கள் வீட்டில் முதலில் எடுத்தது நான் இல்லை, அத்தை. அத்தையிடம் இருபது நாட்டுக்கோழி உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை மருந்தை அவர் கையாலேயே தூவுவார். கோழி தீனியாகக் கொத்தித் தின்னும். ஊசியும் இல்லை, துரத்தலும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "கோழிக்குக் குருணை இருக்குல்ல பாப்பா, பன்னிக்கு ஏன் இல்ல? நீ அதத்தான படிக்கிற?"

கேள்வி நியாயமானது. வெள்ளைக்கழிச்சலும் கழிச்சலோடு நிற்பதில்லை, கோழியின் மூச்சையும் வாங்குகிற நோய்தான். வாயில் போட்டு மூச்சு நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு மனிதர்களிடமும் பழைய சாட்சி உண்டு. அமெரிக்க ராணுவம் 1971 முதல் புதிதாகச் சேரும் வீரர்களுக்கு அடினோவைரஸ் மாத்திரை கொடுத்தது. இரைப்பையில் கரையாத பூச்சு பூசிய மாத்திரையில் உயிருள்ள வைரஸ். குடலில் அது நோய் உண்டாக்காமல் பெருகும், நுரையீரலுக்குப் பாதுகாப்பு வரும். தயாரிப்பு நின்று சில வருடங்கள் மாத்திரை இல்லாமல் போனபோது முகாம்களில் காய்ச்சல் திரும்ப வந்தது. 2011-ல் மாத்திரையும் திரும்ப வந்தது.

குடலில் விழுந்த மருந்து நுரையீரலை எப்படிக் காக்கும் என்று மாமா கேட்டார். நான் சொன்ன விளக்கம் இது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் ஊரில் முறுக்குச் சுற்றக் கற்றுக்கொண்டு வெளிமாநிலம் போய்க் கடை போடுகிறார்கள் இல்லையா? குடல் சுவரில் பேயர் திட்டுகள் என்று சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கிருமியின் அடையாளத்தை அங்கே படித்துக்கொண்ட அணுக்கள் நிணநீர் வழியாக இரத்தத்துக்கு வந்து, குடலுக்கு மட்டுமல்லாமல் மூச்சுக்குழாய், பால்மடி என்று ஈரச் சவ்வு உள்ள இடங்களுக்கெல்லாம் போய் உட்கார்ந்து ஐஜிஏ சுரக்கின்றன. கற்ற இடம் ஒன்று, வேலை பார்க்கும் இடம் வேறு.

பன்றிக்கு வாய்வழி மருந்து புதிதும் இல்லை. லாசோனியா என்ற குடல் கிருமிக்குக் குடிநீரில் கலந்து கொடுக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து அமெரிக்காவில் 2001 முதல் இருக்கிறது. ஜெர்மனியில் 1990-களிலேயே காட்டுப் பன்றிகளுக்குப் பன்றிக் காய்ச்சல் (ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை, இது வேறு நோய்) தடுப்பு மருந்தை மக்காச்சோள மாவு இரையில் வைத்துக் காட்டில் போட்டார்கள். நுரையீரல் நோய்க்கு மட்டும் இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான். தைவானில் கொன்ற மைக்கோபிளாஸ்மாவை அமிலம் தாங்கும் பூச்சுக்குள் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரேசிலில் நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவுக்குள் வைத்துக் கொடுத்து, அறுக்கும்போது நுரையீரல் சேதம் குறைந்திருப்பதை 2021-ல் வெளியிட்டார்கள்.

எங்கள் குழு பாஸ்சுரெல்லாவை எடுத்துக்கொண்டது. மைக்கோபிளாஸ்மாவை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு, வாரக்கணக்காகும். பாஸ்சுரெல்லா ஒரே இரவில் வளர்ந்துவிடும். முதல் திருடனை விட்டுவிட்டு இரண்டாமவனைப் பிடிக்கிறோமே என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பொதிந்து அனுப்புகிற வழி சரியாக வந்துவிட்டால் உள்ளே வைக்கிற சரக்கை மாற்றிக்கொள்ளலாம். முதலில் வழி வேண்டும்.

அந்த வழிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது ஆல்ஜினேட். மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று சொல்கிற பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசி வேறு, அது அகார். இரண்டையும் எடுக்கும் ஆலைகள் மதுரையைச் சுற்றியே இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. வேலை பார்க்க அழகாக இருக்கும். 2 சதவீத ஆல்ஜினேட் கரைசலில் கொன்ற கிருமியைக் கலந்து, ஊசி முனையிலிருந்து கால்சியம் குளோரைடு நீரில் சொட்டவிட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணத்தில் ஜவ்வரிசி மாதிரி உருண்டுவிடும். இரைப்பை அமிலத்தில் அது சுருங்கி இறுகும், குடலின் உப்பு நீரில் இளகிக் கரையும். வெறும் ஆல்ஜினேட்டுக்குள் அமிலம் மெல்லக் கசியும் என்பதால் மேலே இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் பூச்சு ஒன்று கொடுத்தோம்.

இரைப்பையில் சுரக்கிற பெப்சின் என்ற நொதி கலந்த அமிலத்தில் இரண்டு மணி நேரம் ஆட்டிப் பார்த்தோம். 37 டிகிரியில் இல்லை, 39-ல். பன்றியின் உடம்புச் சூடு அதுதான். மணிகள் தாங்கின. குடல் நீருக்கு மாற்றியதும் கரைந்தன. மறுபடி மறுபடி செய்தோம், அதே முடிவு. பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பன்றிக்கு மருந்து கொடுக்க நெறிமுறைக் குழு, அரசு அனுமதி என்று பல படிகள் உண்டு. அதனால் உள்ளே கிருமி எதுவும் இல்லாத வெறும் மணிகளைத்தான், அதற்கும் எழுதி அனுமதி வாங்கி, மாமாவின் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். உள்ளே சிவப்பு இரும்பு ஆக்சைடு வைத்திருந்தோம். அது செரிக்காது, உறிஞ்சப்படாது, சாணத்தில் செங்கல் நிறமாக வெளியே வரும். எந்தப் பன்றி தின்றது, எது தின்னவில்லை என்று கண்டுபிடிக்கத் தீவன ஆராய்ச்சியில் நெடுநாளாகப் பயன்படுகிற முறை. பால் மறந்த 14 குட்டிகள். முதுகில் ஊதா மருந்தால் 1 முதல் 14 வரை எண் எழுதினோம்.

மணிகளைத் தவிட்டுத் தீவனத்தில் கலந்து போட்டுவிட்டு நான் மதுரைக்குத் திரும்பிவிட்டேன். பாதி வழியில் அத்தை போன் செய்தார், குரல் நடுங்கியது. "வாயில ரத்த நொரை தள்ளுது பாப்பா. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்துக்கும்."

அது ரத்தம் இல்லை, எங்கள் சிவப்பு. மாமாவிடம் சொல்லியிருந்தேன், அத்தையிடம் சொல்லவில்லை. மூக்கில் நுரை தள்ளிச் செத்த பன்றிகளைப் பார்த்த கண் அது, பயப்படாமல் என்ன செய்யும்? வீட்டில் கொட்டகைக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, என்ன போடுகிறோம், என்ன நிறம் வரும், எது வந்தால் பயப்பட வேண்டும் என்று சொல்லாமல் இனி ஒரு பிடி தீவனம்கூடப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அத்தையிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் அந்தச் சிவப்பு நுரைதான் எங்களுக்குக் கிடைத்த முதல் உண்மை. வாயில் நிறம் வந்தது என்றால் மணி பல்லில் கடிபட்டு உடைந்திருக்கிறது. உடைந்த மணிக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி இருந்து என்ன பயன்? இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவையில் பார்த்த சோதனைகளில் ஒன்றில்கூடப் பல் இல்லை.

இதற்கு வழி சொன்னது மாமா. தொட்டியில் கையை விட்டு மணிகளை அள்ளிப் பார்த்தவர் சொன்னார்: "பருக்கை பருக்கையா இருந்தா கடிக்கத்தான் தாயி செய்யும். கேப்பக் களியை நீ மென்னா திங்கிற? உருட்டி முழுங்குறல்ல? கூழுல போடு."

அதன் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். ஊசி முனையைச் சுற்றிக் காற்றை ஊதிச் சொட்டைச் சிதறவைத்து, ஜவ்வரிசி அளவு மணியை ரவை அளவுக்குக் குறைத்தோம். அதை ஆறிய கேழ்வரகுக் கூழில் கலந்தோம். குட்டிகள் உறிஞ்சி விழுங்கின. வாயோரம் சிவப்பு அரிதாகிவிட்டது. சூடான கூழில் கலந்துவிடாதீர்கள். விரலை விட்டால் வெதுவெதுப்புக்கூடத் தெரியக் கூடாது.

ஹோட்டல் மிச்சத்தில் கலந்தால் என்ன என்று மாமா கேட்டதால் அதையும் பார்த்தோம். சாம்பார் கலந்த சோற்றில் அரை மணி நேரத்தில் மணிகள் வீங்கி இளகிவிட்டன. மணியை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். சாம்பாரின் உப்பு அதைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்துகொள்கிறது, புளி தன் பங்குக்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. மருந்து கொடுக்கும் வேளையில் ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்பது அன்றே தீர்மானமானது. பொதுவாகவே மிச்சச் சாப்பாட்டை நன்றாகக் கொதிக்கவைக்காமல் பன்றிக்குப் போடக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வருகிற வழிகளில் அது முக்கியமான ஒன்று.

இப்போது சாணத்துக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் கெட்டது இங்கேதான்.

கூழ் கொடுத்த மறுநாள் விடியற்காலையிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்து எது எந்த நிறத்தில் போடுகிறது என்று எண் வாரியாக எழுதினேன். 9 குட்டிகளின் சாணம் நல்ல சிவப்பு. ஐந்துக்கு நிறம் மாறவே இல்லை. 4, 7, 10, 11, 13. நோட்டைத் திருப்பி, முந்தைய வாரம் எழுதிய இருமல் கணக்கைப் பார்த்தேன். அந்த ஐந்தில் நான்கு இருமுகிறவை. 7-ம் 11-ம் சவலைக் குட்டிகள். பிறந்ததிலிருந்தே கடைசி மடிக்காம்பில் பால் குடித்தவை.

இது தற்செயல் இல்லை. பன்றிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது பிறந்த சில நாளிலேயே மடியில் முடிவாகிவிடுகிறது. தொட்டியில் கூழ் விழுந்ததும் பலமானவை தோளால் இடித்து முன்னே நிற்கும். சவலை பின்னால் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் நகர்ந்த பிறகு அடியில் ஒட்டியதை நக்கும். ஊசி போடும்போது குட்டி பலமானதா சவலையா என்று ஊசி பார்ப்பதில்லை. வாய்வழி மருந்தோ தானாகப் போய் பலமானவற்றுக்கே சேர்கிறது. யாருக்கு வேண்டும் என்று இத்தனை பாடுபடுகிறோமோ அவற்றின் வாய்க்கு அது எட்டவில்லை. ஆய்வகத்தில் மணியின் பூச்சை இன்னும் எத்தனை மாதம் மெருகேற்றினாலும் இது தீராது. தொட்டியில்தான் தீர்க்க வேண்டும்.

மாமாவின் தொட்டி ஆறு அடி. வளரும் குட்டி ஒன்றுக்கு ஓர் அடி இடமாவது வேண்டும். 14 குட்டி எப்படி ஒரே நேரத்தில் வாய் வைக்கும்? ஆறு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சுவரோரம் இரண்டு பக்கமும் பதித்தோம். குட்டிகளைப் பெரியது, நடுத்தரம், சவலை என்று மூன்று அறையாகப் பிரித்தோம். ஒரே நாளில் பிறந்ததைச் சேர்த்து வைப்பதைவிட ஒரே அளவில் இருப்பதைச் சேர்த்து வைப்பது மேல். பிரித்த முதல் இரண்டு நாள் கடித்துக்கொள்ளும், அந்த நாட்களில் மருந்து கொடுக்க வேண்டாம். பழக்கமில்லாத தீனியைச் சவலை நம்பாது. மூன்று நாள் வெறும் கூழ் கொடுத்துப் பழக்கிவிட்டு நான்காம் நாள் மணி கலக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீரை நிறுத்தாதீர்கள். மதுரை வெயிலில் பன்றிக்குத் தண்ணீரை நிறுத்தினால் வேறு வம்பு வரும், அதற்கு வியர்க்காது.

அப்படியானால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிட்டால் என்றைக்காவது எல்லாம் தின்றுவிடுமே என்றார் மாமா. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் கூடாது. தினமும் வாசலில் வந்துபோகிறவனைப் பார்த்து நாய் குரைப்பதை நிறுத்திவிடும். குடலும் அப்படித்தான். தினம் வருகிற செத்த சரக்கை உணவு என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடும். சில நாள் சேர்ந்தாற்போல் கொடுத்து, இரண்டு வாரம் விட்டு, மறுபடி சில நாள் என்று திடீரென்று காட்டினால்தான் குடல் விழித்துக்கொள்ளும் என்பது எங்கள் திட்டம்.

எந்த வயதில் கொடுப்பது என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பன்றிக்குட்டி பிறக்கும்போது எதிர்ப்பொருள் எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. முதல் ஒரு நாளுக்குள் குடிக்கிற சீம்பால்தான் அதற்கு எல்லாம். சீம்பால் கிடைக்காத சவலைக்கு எந்த மருந்தும் ஈடாகாது. பிறந்த அன்று அதைத் தூக்கி முன்காம்பில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பலமானவற்றை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு மூடி வையுங்கள். ஆனால் தாய்ப்பாலில் வருகிற அதே எதிர்ப்பொருள் நாம் கொடுக்கிற மருந்தையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடலாம். பால் மறக்கும்வரை காத்திருந்தால், இருமல் கிருமியைத் தாயிடமிருந்து அதற்குள் வாங்கியிருக்கும். இப்போதைக்குப் பால் மறந்து ஒரு வாரம் கழித்து என்று வைத்திருக்கிறோம். இதில் எனக்குத் திருப்தி இல்லை. தாய்ப் பன்றிக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்கவும் ஊசி வேண்டாம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரவலாக்கிய ஒரு முறை இருக்கிறது. தடித்த பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்தில் தொங்கவிட்டால் அவை வந்து மெல்லும். இருபது முப்பது நிமிடம் கழித்து நனைந்த நுனியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிழிந்தால் எச்சில் கிடைக்கும். அதில் ஐஜிஏ இருக்கிறதா என்று பார்க்கலாம், சில கிருமிகளையும் தேடலாம். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் கயிறு வாங்கினேன். நைலான் கலந்த கயிறு எச்சிலை உறிஞ்சாது. வாங்கும்போதே ஒரு நுனியை எரித்துப் பாருங்கள், உருகினால் வேண்டாம். கயிற்றிலும் சவலை பின்தங்கும், அவற்றின் அறைக்குத் தனிக் கயிறு கட்ட வேண்டும்.

இருமல் கணக்கு எடுப்பதற்குச் செலவே இல்லை. காலையில் உள்ளே போய்க் கைதட்டி எல்லாவற்றையும் எழுப்புங்கள். ஒரு நிமிடம் விட்டு, அடுத்த மூன்று நிமிடத்தில் எத்தனை குட்டி இருமுகிறது என்று எண்ணி எழுதுங்கள். வாரம் ஒருநாள், அதே நேரம். மாமாவின் நோட்டில் இப்போது நான்கு வருடக் கணக்கு இருக்கிறது. ஐப்பசியில் ஏறுகிறது, பங்குனியில் இறங்குகிறது. மழைக்காலத்தில் சாக்குப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டுக் கொட்டகையைப் பெட்டி மாதிரி மூடிவிடுவதுதான் காரணம். குட்டியின் உயரத்துக்கு நீங்கள் குந்தி உட்கார்ந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மூத்திர வாடையின் அமோனியா அங்கே தேங்கி நிற்கிறது. அதுவும் அந்த மயிரிழைகளைத்தான் கெடுக்கிறது. படுதாவின் மேல் ஓர் அடியைத் திறந்துவிட்டதும் இருமல் கணிசமாகக் குறைந்தது. எந்தத் தடுப்பு மருந்தும் வருவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை இது.

இன்னொன்று. தீவனத்தில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்தைக் கலந்து போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, மாமாவிடமும் இருந்தது. நாளைக்கு உயிருள்ள வாய்வழி மருந்து ஏதாவது கைக்கு வந்தால், கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் அந்த மாதிரி மருந்துகளை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தடுப்பு மருந்தை நாமே கொன்றுவிடுவோம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் அதையேதான் செய்யும்.

தொட்டியை மாற்றி, அறை பிரித்து, மூன்று நாள் வெறும் கூழ் பழக்கி, போன மாதம் மறுபடி சிவப்பு மணி கலந்தோம். இந்த முறை அத்தையே கலக்கினார். சவலை அறைக்குக் கடைசியாக ஊற்றுவதுதான் அதுவரை வழக்கம். அத்தை அங்கேதான் முதலில் ஊற்றினார், அவை குடித்து முடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் எனக்கு ஆய்வகத்தில் வேலை, போக முடியவில்லை. காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"பாப்பா, ஏழாம் நம்பரு செவப்பாப் போட்டிருக்கு. நல்ல செவப்பு. நாலும் பத்தும் பதிமூணும் செவப்புத்தான்."

"பதினொண்ணு அத்தை?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. தகரக் கதவு திறக்கிற ஓசை கேட்டது, அப்புறம் ஒரு இருமல்.

"அது இன்னும் போடல. நான் இங்கனதான் இருக்கேன், பாத்துட்டுச் சொல்றேன்."